சரளைக்கல்லை எடுத்துவிட்டு மணல்: எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் கலங்குகிறது

சிறுதொட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. இரண்டு வருடமாக ஓடுகிறது. ஆறு பாண்டா கோரிகள் (அடியில் தீனி தேடும் சின்ன மீசை மீன்கள்), பத்து நியான் டெட்ரா மீன்கள். அடியில் போட்டிருப்பது உடைத்த சரளைக்கல். ஒவ்வொன்றும் 4, 5 மி.மீ. இருக்கும்.

போன வாரம் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். மூன்று கோரிகளுக்கு மீசை பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒன்றுக்கு மீசையின் அடி மட்டும்தான் மிச்சம். இவ்வளவு நாள் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று மனது கேட்கவில்லை. மணலுக்கு மாற்றிவிடலாம் என்று 20 கிலோ ஃபில்டர் மணல், அதாவது நீச்சல் குள ஃபில்டரில் போடுகிற வகை, வாங்கி வந்தேன்.

நேற்று வாளியில் பாதிக்கு மேல் மணலை நிரப்பிக் கழுவ ஆரம்பித்தேன். ஆறு முறை தண்ணீர் மாற்றியாயிற்று. இன்னும் பால் கலந்த மாதிரிதான் வருகிறது. எத்தனை முறை கழுவினால் போதும்? இந்த 20 கிலோவையும் போட வேண்டுமா? மீன்கள் இருக்கும்போதே மாற்ற முடியுமா? மணலுக்கு அடியில் விஷ வாயு சேர்ந்து ஒரே ராத்திரியில் எல்லா மீனும் செத்துப்போகும் என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.


நீர்ப்பாசி எழுதியது:

பத்து முறையாவது கழுவ வேண்டும். ஆறோடு நிறுத்தாதீர்கள். சமையலறைத் தொட்டியில் மட்டும் கழுவ வேண்டாம், மணல் போய்க் குழாயின் வளைவில் உட்கார்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

மீன்களை வெளியே எடுக்காமலும் மணல் போடலாம். இரண்டு அங்குல பிவிசி குழாய் ஒன்றைத் தொட்டிக்குள் நிமிர்த்தி வைத்து, வாயில் புனல் செருகி, ஈரமணலைக் கப் கப்பாக அதன் வழியே விட்டால் மணல் நேராக அடிக்குப் போய்விடும். தண்ணீர் அவ்வளவாகக் கலங்காது. ஆனால் உங்கள் தொட்டியில் சரளையை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறதே, அதற்கு மீன்களை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று நினைக்கிறேன்.


அடிமணல் எழுதியது:

சிறுதொட்டி, உங்கள் கோரிகளுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்பதே சந்தோஷம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மணல் தொட்டியில் 12 வருட அனுபவம். அதில் முதல் வருடம் செய்ததெல்லாம் தப்பு.

முதலில் மீசை. கூரான கல்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான். சரளைக்கல்லின் இடுக்குகளில் தீனியும் கழிவும் இறங்கி, யாருக்கும் எட்டாமல் அழுகும். கோரி நாள் முழுக்க மூக்கைச் செருகித் தேடுவது அந்த இடத்தில்தான். கல்லில் உரசிச் சிராய்த்த மீசையில் அங்கேயுள்ள பாக்டீரியா ஏறினால் மீசை கரைந்துகொண்டே போகும். ஆகவே மணலுக்கு மாறுவது சரியான முடிவு, ஆனால் மணலையும் அழுக்காக விட்டால் இதே கதைதான். அடிவேர் கெடாமல் முனை மட்டும் போயிருந்தால் மீசை திரும்ப வளரும். உங்கள் மீன்களுக்கு அடி நிற்கிறது என்கிறீர்கள், அது நல்ல செய்தி.

கழுவுவதற்கு முன்னால் ஒரு சோதனை. உலர்ந்த மணல் ஒரு சிட்டிகை எடுத்து அதில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, சிப்பித் தூளோ பவளத் தூளோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மணல் தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.ஹெச். அளவையும் மெல்ல மெல்ல ஏற்றும். ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் மீன்களுக்கு அது பிடிக்கும், கோரிக்கும் நியானுக்கும் வேண்டாம். வினிகர் வீரியம் குறைந்த அமிலம் என்பதால் சில நேரம் நுரை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடிக் குவளையில் தொட்டித் தண்ணீரும் கைப்பிடி மணலும் போட்டு ஒரு வாரம் வைத்து, முன்னும் பின்னும் பி.ஹெச். பாருங்கள். ஃபில்டர் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான், தண்ணீரில் எதையும் கலக்காது. இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. அப்படியே போன் கேமராவைப் பெரிதாக்கி மணலையும் பாருங்கள். மணிகள் உருண்டையாக இருக்க வேண்டும். கண்ணாடிச் சில்லு மாதிரி ஓரங்கள் இருந்தால் கோரித் தொட்டிக்கு அந்த மணலே வேண்டாம். கல்லை உடைத்துச் செய்கிற மணல் அப்படித்தான் இருக்கும், தூசியும் அதிகம்.

20 கிலோவும் தேவைப்படாது. உங்கள் தொட்டியின் அடிப்பரப்பு 60 × 30 செ.மீ. அதில் 4 செ.மீ. உயரத்துக்கு மணல் என்றால் 7,200 கன செ.மீ., அதாவது 7.2 லிட்டர். உலர்ந்த மணல் லிட்டருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ நிற்கும். ஆக 11 கிலோ போதும். கழுவும்போது கொஞ்சம் போய்விடும், 12 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கோரி மூக்கைப் புதைப்பது ஒரு செ.மீ. ஆழத்துக்குள்தான், அதற்கு 3 செ.மீ. மணலே தாராளம். வேரூன்றும் செடி வைக்க ஆசை இருந்தால் 5 செ.மீ. வரை போகலாம். அதற்கு மேல் இந்தத் தொட்டிக்குத் தேவையில்லை.

இப்போது கழுவுதல். நீங்கள் தோற்றது எண்ணிக்கையில் இல்லை, அளவில். அரை வாளி மணலில் கை அடிவரை போகாது. மேலே உள்ளது பத்து முறை கழுவப்படும், அடியில் இருப்பது ஒரு முறைகூடக் கழுவப்பட்டிருக்காது. ஒரு தடவைக்கு 2 கிலோ போதும். வாளியில் கால்வாசிக்கும் குறைவாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை வாளியின் அடிவரை செருகித் திறந்துவிட்டு, கையை அடியிலிருந்து மேலே புரட்டுங்கள், அரிசி களைவது போல. கையை எடுத்து ஐந்து எண்ணுங்கள். மணல் அதற்குள் அடியில் உட்கார்ந்துவிடும், தூசி மட்டும் மேலே மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் சாய்த்து ஊற்ற வேண்டும். தாமதித்தால் தூசியும் மணலோடு உட்கார்ந்துவிடும். இதுதான் கழுவுவதின் சூட்சுமம் முழுக்க.

தண்ணீர் வீணாகிறதே என்று எனக்கு எப்போதும் உறுத்தும். அதனால் மூன்று வாளி வைத்துக்கொள்வேன். ஒரு பங்கின் கடைசிக் கழுவல் தண்ணீர் ஓரளவு தெளிவாகத்தானே இருக்கும், அதை அடுத்த பங்கின் முதல் கழுவலுக்கு எடுத்துக்கொள்வேன். சேறான தண்ணீர் செடிகளுக்குப் போகும். சோப்பு பட்ட வாளி வேண்டாம். எவ்வளவு அலசினாலும் சோப்பின் மிச்சம் போய்விட்டது என்று நம்ப முடியாது.

எப்போது நிறுத்துவது? முழுத் தெளிவு வரும்வரை என்று நினைத்தால் முடியவே முடியாது. மணலும் மணலும் உரசி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புதுத்தூள் வந்துகொண்டே இருக்கும். நான் செய்வது இது: கழுவிய மணல் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிக் குவளையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 30 எண்ணுவேன். குவளைக்குப் பின்னால் ஒரு அச்சிட்ட தாளைப் பிடித்தால் எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். தெரிந்தால் போதும். 2 கிலோ பங்குக்கு எனக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை ஆகும்.

அப்புறம் மாற்றும் நாள். அவசரப்படாமல் ஒரு விடுமுறை நாளை இதற்கு ஒதுக்குங்கள். எதையும் கிளறுவதற்கு முன்னால் தொட்டியின் மேல்தண்ணீரில் பாதிக்கு மேல் சுத்தமான டப்பிலும் வாளிகளிலும் எடுத்து வைத்துவிடுங்கள். டப்பில் மீன்களை விட்டு மூடிவையுங்கள், கோரி சில நேரம் துள்ளும். உங்கள் ஃபில்டரை அந்த டப்பிலேயே ஓடவிடுங்கள். மீன் கழிவின் நச்சைத் தீங்கு குறைந்ததாக மாற்றுகிற பாக்டீரியா பெரும்பாலும் ஃபில்டரின் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. அது உலரக்கூடாது, நிற்கவும் கூடாது. பிறகு சரளையை அள்ளுங்கள். இரண்டு வருட வண்டல் கிளம்பும், அந்த அடித்தண்ணீரைத் திரும்ப உள்ளே விட வேண்டாம். ஆனால் சரளையில் இரண்டு கைப்பிடியை மட்டும் தொட்டித் தண்ணீரில் அலசி, வலைப்பையில் கட்டி, மூன்று நான்கு வாரம் தொட்டியின் ஒரு மூலையில் போட்டு வையுங்கள். அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா புது மணலுக்குப் பரவட்டும்.

பெரிய கல் வைப்பதாக இருந்தால் கல்லை முதலில் கண்ணாடித் தரையில் உட்காரவைத்துவிட்டு அதைச் சுற்றி மணலைப் போடுங்கள். மணல்மேல் கல்லை வைத்தால், அடியில் மீன் தோண்டும்போது கல் சாயும். மணலை ஈரமாகவே கப்பில் எடுத்து வைத்துப் பரப்புங்கள். அதன்மேல் ஒரு தட்டை வைத்து, தண்ணீரைத் தட்டின்மேல் மெல்ல ஊற்றுங்கள். தட்டு நிரம்பி வழிந்து ஏறட்டும். 

ஃபில்டரை உடனே போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் தொட்டியில் மணலைச் சரியாகக் கழுவாமல் கொட்டி, கலங்கல் போகட்டும் என்று அப்போதே ஃபில்டரை ஓடவிட்டேன். உறிஞ்சும் வாய் மணலுக்கு இரண்டு செ.மீ. மேலேதான் இருந்தது. ராத்திரி ஒரு கரகர சத்தம் கேட்டது, தூக்கத்தில் விட்டுவிட்டேன். மோட்டாரின் சுழலியில் மணல் மாட்டி நின்றுபோயிருந்தது. காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. இரண்டு போய்விட்டன. தப்பு மணலுடையது இல்லை, என்னுடையது. அதற்கப்புறம் மணல் போட்டு ஒரு மணி நேரமாவது உட்காரவிடாமல் நான் மோட்டாரைத் தொடுவதில்லை. உறிஞ்சும் வாய் மணலுக்கு 8, 10 செ.மீ. மேலே இருக்கட்டும், அதில் ஒரு ஸ்பாஞ்சும் மாட்டுங்கள். அந்த ஒரு மணி நேரமும் டப்பில் ஒரு ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) ஓடினால் மீன்களுக்குக் கவலையில்லை, ஸ்பாஞ்சையும் டப்புத் தண்ணீரிலேயே விட்டுவைக்கலாம்.

மணல் போட்ட மறுநாள் சற்று மங்கலாக இருந்தால் பயப்படாதீர்கள். தூசித் துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால், அது மூழ்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். 0.01 மி.மீ. துகள் அசையாத தண்ணீரில் 30 செ.மீ. இறங்க ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், 0.001 மி.மீ. துகளுக்குக் கிட்டத்தட்ட நான்கு நாள் ஆகும். அந்த மிச்சத்தை ஃபில்டரில் கொஞ்சம் பஞ்சு வைத்துப் பிடித்துவிடலாம்.

விஷ வாயு பற்றி: 4 செ.மீ. மணலில் அது உங்களைத் தேடி வராது. விவரம் வேண்டுமானால் தனியாக எழுதுகிறேன்.


வாலிஸ்னேரியா எழுதியது:

அடிமணல் சொன்னதில் கழுவும் முறை எல்லாம் சரி. விஷ வாயுவை மட்டும் இவ்வளவு லேசாகச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. என் தொட்டியில் 8 செ.மீ. மெல்லிய மணல் இருந்தது. ஒன்றரை வருடம் தொடவே இல்லை. ஒரு நாள் கண்ணாடியோரம் கறுப்புத் திட்டு தெரிந்தது. குச்சியால் குத்தினேன், அழுகிய முட்டை நாற்றம். அன்றிலிருந்து வாரம்தோறும் மணல் முழுவதையும் அடிவரை கிளறிவிடுகிறேன். புதிதாக மணல் போடுகிறவர்களுக்கு இதை முதல் நாளிலிருந்தே பழக்கச் சொல்கிறேன்.


அடிமணல் எழுதியது:

வாலிஸ்னேரியா, உங்கள் அனுபவம் உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் 8 செ.மீ. மெல்லிய மணலும் 4 செ.மீ. மணலும் ஒன்றில்லை. ஆழமான மெல்லிய மணலில் ஆக்ஸிஜன் அடிக்கு இறங்காது. அங்கே சல்ஃபேட்டைச் சுவாசித்து வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும். நீங்கள் முகர்ந்தது அதுதான். கறுப்பு நிறம் அந்த வாயு இரும்போடு சேர்ந்து உண்டாகும் இரும்பு சல்ஃபைடு. கறுப்புத் திட்டு கண்ணுக்கு அசிங்கம், அது அப்படியே கிடந்தால் மீனைக் கொல்லாது. வாயு சொட்டுச் சொட்டாக மேலே கசிந்தாலும் ஆக்ஸிஜன் நிறைந்த தண்ணீரைத் தொட்டதும் சல்ஃபேட்டாக மாறிவிடும். ஆபத்து எப்போது என்றால், மாதக்கணக்கில் சேர்ந்ததை ஒரே நாளில் கிளறி எல்லாவற்றையும் ஒன்றாக வெளியே விடும்போது. அதனால்தான் பழைய ஆழமான மணலை ஒரே மூச்சில் கிளற வேண்டாம் என்கிறேன். ஒரு வாரத்துக்கு மூன்றில் ஒரு பகுதி, அதுவும் தண்ணீர் மாற்றும் நேரத்தில், குழாயை அந்த இடத்தின் மேலேயே பிடித்து உறிஞ்சிக்கொண்டே.

மணலிலிருந்து எப்போதாவது குமிழி வந்தால் அதுவும் விஷம்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நைட்ரேட்டை உடைக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரஜனை வெளியிடும், அது தொட்டிக்கு நல்லது. நாற்றம் இருந்தால்தான் விஷயம்.

சிறுதொட்டிக்கு நான் சொல்வது: வாரம்தோறும் அடிவரை கிளறினால், செடிவேர் அறுந்துபோகும், அடியில் சேர்ந்த வண்டல் மேலே வந்து தண்ணீர் கெடும். உங்கள் கோரிகளே மேல் ஒரு செ.மீ. மணலைத் தினமும் புரட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை விரலால் மெல்லக் கோடு கிழித்தால் போதும். மலேசிய ட்ரம்பெட் நத்தைகள் நாலைந்து விட்டால் அந்த வேலையும் மிச்சம். பகலில் மணலுக்குள் புதைந்து நகர்ந்துகொண்டே இருக்கும். தீனி மிஞ்சினால் பெருகித் தள்ளிவிடும், அது ஒன்றுதான் எச்சரிக்கை. வேரூன்றும் செடிகளும் வேர் வழியாகக் கொஞ்சம் ஆக்ஸிஜனை மணலுக்குள் விடுகின்றன. ஆனால் மணலில் சத்து எதுவும் இல்லை, க்ரிப்டோகோரைன் மாதிரி வேரால் சாப்பிடும் செடி வைத்தால் வேர் உர மாத்திரை புதைத்துவிட வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் வாலிஸ்னேரியா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். பெரிய தட்டைக் கல்லுக்கு அடியில் கோரியும் போகாது, நத்தையும் போகாது. என் தொட்டியிலும் கறுத்தது அங்கேதான். மாதம் ஒருமுறை கல்லைச் சற்றே தூக்கிப் பார்க்க வேண்டும்.


நீர்ப்பாசி எழுதியது:

சுத்தம் செய்வது பற்றி யாரும் சொல்லவில்லையே. சரளைக்கல்லில் சைபன் குழாயை, அதாவது கழிவோடு தண்ணீரை உறிஞ்சி வாளிக்கு விடும் குழாயை, உள்ளே செருகுவோம். மணலில் அப்படிச் செய்தால் மணல் எல்லாம் வாளிக்கு வந்துவிடும். குழாய் முனையை மணலுக்கு 1, 2 செ.மீ. மேலே பிடித்துச் சின்ன வட்டமாகச் சுற்றினால் கழிவு மட்டும் எழும்பி வரும். மணல் ஏறுவது தெரிந்தால் குழாயை விரலால் மடக்குங்கள், மணல் திரும்ப விழுந்துவிடும். மணலில் கழிவு மேலேயே கிடப்பதால் பார்க்க அழுக்காகத் தெரியும். உண்மையில் அது வசதி, எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொன்று, கண்ணாடி துடைக்கும் காந்தத்தை மணல் மட்டத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். ஒரு மணல் மணி காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டினால் போதும், கண்ணாடியில் நீளக்கோடு விழும். எனக்கு விழுந்திருக்கிறது. கறுப்பு மணல் வாங்குகிறவர்கள் வாங்கும்போதே ஒரு காந்தத்தை அதில் வைத்துப் பாருங்கள். சில வகைகள் காந்தத்தில் ஒட்டும், அவை மோட்டாரின் சுழலிக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்ளும்.


சிறுதொட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டேன். இரண்டு கிலோ இரண்டு கிலோவாகக் கழுவியதில் ஒன்பதாவது முறையே குவளைக்குப் பின்னால் எழுத்து தெரிந்தது. அரை வாளியை வைத்துக்கொண்டு அன்று ஏன் அப்படிப் போராடினேன் என்று இருக்கிறது. வினிகரில் நுரை வரவில்லை. சரளையை அள்ளும்போது கிளம்பிய வண்டலைப் பார்த்து நிஜமாகவே வருத்தமாக இருந்தது. இதற்குள்தான் இரண்டு வருடம் மூக்கை விட்டுக்கொண்டிருந்தனவா என்று.

மணல் போட்ட மறுநாள் லேசாக மங்கல். அதற்கடுத்த நாள் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டது. ஆனால் இன்று, ஐந்தாவது நாள், திரும்பவும் வெள்ளையாகக் கலங்கியிருக்கிறது. பஞ்சை மாற்றினேன், குறையவில்லை. மணலைச் சரியாகக் கழுவவில்லையோ? திரும்ப எடுத்துக் கழுவ வேண்டுமா?


அடிமணல் எழுதியது:

வேண்டாம், மணலைத் தொடாதீர்கள். ஒருமுறை தெளிந்துவிட்டு, யாரும் கிளறாமல் திரும்பக் கலங்கினால் அது பெரும்பாலும் தூசி இல்லை, தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியா. உறுதி செய்துகொள்ள ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தொட்டித் தண்ணீரை எடுத்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் தெளிந்து அடியில் மெல்லிய படிவு இருந்தால் தூசி. அப்படியே பால் போல நின்றால் பாக்டீரியா.

சரளையோடு நிறையப் பாக்டீரியாவையும் வெளியே எடுத்துவிட்டோம், கிளறியதில் கொஞ்சம் கழிவும் கரைந்தது. அந்த உணவைத் தின்று வேறு வகைப் பாக்டீரியா திடீரென்று பெருகுகிறது. அதுவாகவே ஓரிரு வாரத்துக்குள் அடங்கும். கலங்கலைவிட முக்கியம் அம்மோனியாவும் நைட்ரைட்டும், கழிவிலிருந்து வரும் நச்சுகள். இரண்டையும் இன்றே சோதியுங்கள், ஒரு வாரம் தினமும் பாருங்கள். எதுவாவது பூஜ்யத்துக்கு மேல் காட்டினால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குளோரின் நீக்கிய, அதே சூட்டில் உள்ள தண்ணீரால் மாற்றுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். பாக்டீரியா பெருகும்போது ஆக்ஸிஜனையும் நிறைய எடுத்துக்கொள்ளும், ஏர் ஸ்டோனை ராத்திரியிலும் ஓடவிடுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை இந்த நேரத்தில் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், அதைத்தான் இப்போது நம்பியிருக்கிறோம்.


சிறுதொட்டி எழுதியது:

குவளைத் தண்ணீர் காலையில் பால் மாதிரியே இருந்தது. நீங்கள் சொன்னதுதான். அம்மோனியா 0.25 காட்டியது, இரண்டு நாள் தொடர்ந்து தண்ணீர் மாற்றினேன். இப்போது பூஜ்யம். எட்டாவது நாள் தானாகத் தெளிந்துவிட்டது.


சிறுதொட்டி எழுதியது:

மணல் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. மூன்றாவது வாரம் மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் வந்தது. பயந்து இங்கே எழுத உட்கார்ந்தேன், அதற்குள் ஒரு கோரி அந்தப் படலத்தின் மேல் போய் மூக்கை வைத்து உழுதுகொண்டு போனது, பின்னால் வெள்ளைக் கோடு விழுந்தது. சரி, பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது மூலைகளில் மட்டும்தான் இருக்கிறது.

நேற்று தீனி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றிலும் சின்னது, மீசையின் அடி மட்டும் மிஞ்சியிருந்த அந்த ஒன்று, கண்வரை மணலுக்குள் முகத்தைப் புதைத்து, வாய் நிறைய மணலை எடுத்து, இரண்டு செவுள் வழியாகவும் புகை மாதிரி விட்டது. இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அது இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்தக் கல்லில் எப்படிச் செய்யும்? மீசையும் இரண்டு மி.மீ. அளவுக்கு வந்திருக்கிறது, இரண்டு பக்கமும்.

ஒரு கேள்வி மிச்சம். கழுவாத மணல் 8 கிலோவும், கழுவி ஈரமாக ஒரு பையில் கட்டி வைத்த கொஞ்சமும் இருக்கிறது. அப்படியே வைக்கலாமா?


அடிமணல் எழுதியது:

பழுப்புப் படலம் டயாட்டம் பாசி. புதுத் தொட்டிகளில் வருவதுதான், தானாகக் குறையும். நீங்கள் கேட்பதற்கு முன்னால் உங்கள் கோரியே பதில் சொல்லிவிட்டது. டயாட்டத்துக்குச் சிலிக்கா வேண்டும், குவார்ட்ஸும் சிலிக்காதான், அதனால் குவார்ட்ஸ் மணலால்தான் டயாட்டம் வருகிறது என்று யாராவது சொன்னால் மணலை மாற்றிவிடாதீர்கள். குவார்ட்ஸ் தண்ணீரில் கரைவது மிக மிகக் குறைவு. கண்ணாடியோரம் மணல் மட்டத்துக்குக் கீழே பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ கோடு வந்தால் மட்டும், வெளிப்புறம் கண்ணாடியில் ஒரு கறுப்புக் காகிதப் பட்டையை ஒட்டி வெளிச்சத்தை மறையுங்கள்.

செவுள் வழியாக மணல் விட்டதைப் படித்துவிட்டு நானும் எழுந்துபோய் என் தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

கழுவாத மணல் உலர்ந்திருந்தால் மூட்டையிலேயே இருக்கட்டும். ஈரமாகக் கட்டிய பையை இன்றே பிரியுங்கள், உள்ளே காற்றில்லாமல் நாற்றம் பிடித்திருக்கும். ஒருமுறை அலசி, பிளாஸ்டிக் விரிப்பில் மெல்லியதாகப் பரப்பி, வெயிலில் நன்றாக உலர்த்திப் பிறகு கட்டுங்கள். சைபனில் கொஞ்சம் கொஞ்சமாக மணல் போகும், வருடத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கிலோ எடுத்துக் கழுவி மேலே தூவ வேண்டியிருக்கும்.